கழுத்துப்பட்டியில் நிற்கிற கணக்கு

"நாளைக்கு எத்தனை உருப்படி வரும்?"

தளவாய்புரத்தில் எந்தத் தையல் கூடத்து வாசலில் நின்றாலும் காதில் விழக்கூடிய கேள்வி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊர் நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் பேர்போனது. நம் வீட்டுக் கொடியில் காய்கிற நைட்டி இங்கே தைத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கேள்விக்கு வழக்கமான பதில், "பாத்துக்கலாம் அண்ணாச்சி, முடிச்சுரலாம்." இந்த 'பாத்துக்கலாம்' பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். கேட்க இதமான சொல். ஆனால் அது யாரோ ஒருவருடைய ராத்திரியை அவரைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொள்பவை. ஒரு நைட்டிக்கு மொத்தம் 12 நிமிடத் தையல் வேலை. வரிசையில் 6 பேர், ஒரு நாளைக்கு 480 நிமிடம். ஆறு பேரின் நிமிடங்களைக் கூட்டினால் 2880. அதை 12ஆல் வகுத்தால் 240 உருப்படி. முதலாளியின் மனக்கணக்கு இங்கே முடிந்துவிடும், வியாபாரிக்குத் தேதியும் சொல்லியாகிவிடும்.

ஆனால் அந்த 12 நிமிடமும் ஆறு பேருக்குச் சமமாகப் பிரிந்து கிடப்பதில்லை. தோள் சேர்ப்பது சட்டென்று முடியும். ஓவர்லாக் ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்துக்குப் பட்டி வைத்து, வளைவு பிசகாமல் திருப்பித் தைக்கிற இடத்தில்தான் கை நிதானிக்கும். அந்த ஒரு வேலைக்கு 3 நிமிடம் என்றால் 480ஐ 3ஆல் வகுக்க வேண்டும்: 160. மற்ற ஐந்து பேர் பறந்து தைத்தாலும் கூடத்தை விட்டு வெளியே போவது 160தான். மீதி எல்லாம் கழுத்துப்பட்டிக்காரர் பக்கத்தில் குவியலாகச் சேரும்.

பத்து நாள் ஆர்டருக்கு 2400 என்று வாக்குக் கொடுத்திருந்தால் 1600தான் வரும். பாக்கி 800 என்பது இதே வரிசைக்கு முழுசாக 5 நாள் வேலை. வாக்குக் கொடுத்தவருக்கே தெரியாமல் அந்த வாக்குக்குள் 5 நாள் ஒளிந்திருந்தது. தீபாவளி தேதி தள்ளிப்போகாது. எனவே அந்த 5 நாளும் ராத்திரிகளில் இருந்து வரும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வரும். இதைத் திட்டமிடல் கோளாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியுமா? நம்மிடம் இல்லாத ஒன்றை வாக்காகக் கொடுப்பது, அந்தக் கடனை வேறொருவர் தலையில் கட்டுவதுதானே.

இதில் இன்னொரு அநியாயம் மொழியில் நடக்கிறது. தாமதம் கழுத்துப்பட்டி வேலையில் இருக்கிறது, வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. ஆனால் குவியல் கண்ணுக்குத் தெரிவது அந்த அக்காவின் மெஷினுக்குப் பக்கத்தில். உடனே, "அவங்கனாலதான் நிக்குது." நாலு நாளில் அது அவர் குணமாகவே ஆகிவிடும்: "அவங்க கொஞ்சம் ஸ்லோ." பெரும்பாலும் அந்த இடத்தில் உட்காருபவர் கூடத்திலேயே நல்ல கைவேலைக்காரராக இருப்பார், கழுத்து அவ்வளவு கடினம் என்பதால். கெட்டிக்காரிக்குக் கிடைக்கிற பட்டம் இது! அங்கே இன்னொரு மெஷின் போட்டால் நெருக்கடி கைவைக்கிற இடத்துக்கோ ஜிப் வைக்கிற இடத்துக்கோ நகரும். பழியும் கூடவே நகரும்.

அப்படியானால் அளந்துவிட்டால் சரியாகிவிடுமா? அளவுக்கும் ஒரு கறை படிந்த வரலாறு உண்டு. ஃபிரெடரிக் டெய்லர் ஸ்டாப்வாட்சோடு பெத்லஹேம் இரும்பாலையில் நின்றார். நாளுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு சுமந்த ஆளை 47 டன் சுமக்க வைத்ததாகத் தன் 1911ஆம் வருடப் புத்தகத்தில் எழுதினார். அந்த ஆளின் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. சுமை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அதே 1911இல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள்.

வேலை அளவீட்டில் '100' என்று ஒரு வேகம் உண்டு. சுமை இல்லாமல் சமதரையில் மணிக்கு 4 மைல் நடக்கிற சராசரி உடல்வாகு கொண்ட ஒருவரின் வேகத்தைக் காட்டி அதை விளக்குவார்கள். அவருக்கு எந்த ஊர், எத்தனை வயசு, காலையில் சாப்பிட்டாரா? அளவுகோலுக்கு உடம்பு இருக்கிறது, அது தையல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பு இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுக் கையேட்டில் ஓர் அட்டவணை வரும். சொந்தத் தேவைகளுக்கு ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7. அடிப்படைச் சோர்வுக்கு இருவருக்கும் 4. தண்ணீர் குடிப்பது, கழிப்பறை போவது, கண்ணை ஒரு நிமிடம் மூடுவது எல்லாம் இதற்குள் அடக்கம். முதல் தடவை பார்க்கும்போது கோபம்தான் வந்தது: ஒரு பெண்ணுடம்புக்கு உபரியாக இரண்டே சதவீதமா? பிறகு வேறு மாதிரியும் தோன்றியது. கணக்கே போடாத இடத்தில் அந்த இரண்டும் இல்லை, மீதி ஒன்பதும் இல்லை. 240 என்ற மனக்கணக்கில் யாரும் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

"எங்ககிட்ட கடிகாரமே கிடையாதுங்க, பீஸ் ரேட்டு. தைச்சதுக்குக் காசு" என்பார்கள். சுதந்திரம் மாதிரி இருக்கும். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவரை யோசித்துப் பாருங்கள். கட்டிங் துணி மதியம்தான் வரும். கரண்ட் போகும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் குடத்தோடு நிற்க வேண்டும். பிள்ளை பள்ளியிலிருந்து வரும். இந்தக் காத்திருப்பு எதற்கும் பீஸ் ரேட்டில் பைசா இல்லை. கூடத்தில் நாள் கூலியாக இருந்தால் துணி தாமதமாக வந்த நஷ்டம் முதலாளிக்கு. பீஸ் ரேட்டில் அதே நஷ்டம் சத்தமில்லாமல் அந்தப் பெண்ணுக்கு மாறிவிடுகிறது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைப் பார்த்திருந்தது. நேரத்துக்குத்தான் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் என்றால் பீஸ் கணக்கில் வேலை செய்பவருக்கும் அதற்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. இதை நடைமுறைப்படுத்த ஒரு உருப்படிக்கு நியாயமாக எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும். அதாவது, அளக்க வேண்டும்.

முதலாளியை வில்லனாக்கி முடித்துவிடலாம். எளிது. ஆனால் சின்னக் கூடம் நடத்துகிறவர் வியாபாரியிடம் "160தான் முடியும்" என்று சொன்னால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போகும். அடுத்த தெருவில் ஒருவர் "பாத்துக்கலாம்" என்பார். உண்மை சொல்பவர் தோற்கிற சந்தை இது. ஒரு தனிமனிதரின் நேர்மையை நம்பி இதைத் தீர்க்க முடியாது என்றே நினைக்கிறேன். ஊரில் எல்லாக் கூடங்களும் ஒரே நிமிடக் கணக்கைப் பேசினால் உண்டு.

அரசாங்கமும் 'பாத்துக்கலாம்' சொல்லும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்கிற குறள் அதில்தான் வருகிறது. கெப்பாசிட்டி என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. அங்கே அரசன் எடைபோட வேண்டிய வலிகளில் துணைவலியும் உண்டு, கூட நிற்பவர்களின் பலம். தையல் கூடத்தில் முதலாளிக்கு இருப்பது முழுக்கத் துணைவலி மட்டும்தான். அச்சு அவருடையது இல்லை.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. கழுத்துப்பட்டி மெஷினுக்குத் துணியைத் தானே மடித்துக் கொடுக்கிற ஃபோல்டர் மாட்டினால் 3 நிமிடம் 2.4 ஆகலாம். 160 உருப்படி 200 ஆகும். அடுத்த வாரமே, "இப்போ சுளுவா ஆயிருச்சுல்ல" என்று பீஸ் ரேட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெருக்கிப் பாருங்கள்: நாள் முடிவில் அவர் கைக்கு வருவது முன்பு வந்த அதே தொகை. அந்த 40 நைட்டி யாருடையது?