ஸ்டியரிங் யார் கையில் இருந்தது?



2018-ல் அமெரிக்காவில், டல்லாஸ் பட்டணத்திலுள்ள என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபடியால் வாடகைக் கார் எடுத்தான். "வண்டிக்குச் சேதம் வந்தாலும் உங்ககிட்ட கேக்கமாட்டோம், அதுக்கு தினம் இத்தனை டாலர் தனி" என்றார்கள். கட்டாயமில்லை, இஷ்டம்தான். தம்பி கையெழுத்துப் போட்டான். அநேகர் இதை இன்ஷூரன்ஸ் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. வண்டியை உடையவன் பணம் வாங்கிக்கொண்டு, வரப்போகிற கடனை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கிறான். அதற்கு நிபந்தனை உண்டு. ஒப்பந்தத்தில் பேர் இல்லாதவன் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும் அது செல்லாது.

ஹூஸ்டனுக்குப் போகிற வழியில் தம்பிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்கிற தைரியத்தில் நான் ஸ்டியரிங்கை வாங்கினேன். பெட்ரோல் பங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் மோதி, பின் பம்பர் நசுங்கிவிட்டது. ஒப்பந்தத்தில் என் பேர் இல்லை.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் ஓட்டினதா எழுதிடறேன். காசு கட்டியாச்சே, அவனுக்கு என்ன நஷ்டம்?"

யாத்திராகமம் 22-ம் அதிகாரம் 14, 15 வசனங்களைப் பாருங்கள். இரவல் வாங்கின மிருகம், உடையவன் கூட இல்லாதபோது சேதப்பட்டால், வாங்கினவன் ஈடு கொடுக்கவேண்டும். வாடகைக்கு வாங்கினதானால், சேதம் அந்த வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. இத்தனை வருஷத்தில் இதை நான் பிரசங்கித்ததே இல்லை. அன்று ராத்திரி மட்டும் இதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன்!

ஆனால் மாட்டை வாடகைக்கு விட்டவன் ஆள் அறிந்து விட்டான். இந்தக் காரை உடையவன் என் கையில் கொடுக்கவே இல்லையே. பேரை மாற்றி எழுதினால், தம்பிக்கு விட்டுக்கொடுத்ததை நான் திருடுகிறேன். கம்பெனிக்காரர்களும் எல்லாரும் யோக்கியர் அல்ல. பழைய கீறலுக்குப் பில் போடுகிறவர்களும் உண்டு. (வண்டி எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அது அவிசுவாசம் அல்ல.) அதற்காக நம்முடைய பொய் நியாயமாகிவிடுமா?

காலையில் தம்பியிடம் சொன்னேன். "நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. பில் எனக்குத்தானே வரும்?" என்றான். அதுதான் என்னை அதிகமாய்க் குத்தியது. என் மனச்சாட்சிக்கு அவன் ஏன் பணம் கட்டவேண்டும்? முழுத்தொகையும் என் பொறுப்பு என்று சொன்னபிறகே உண்மையை எழுதிக்கொடுத்தோம்.

ஆறு வாரத்தில் பில் வந்தது. பம்பர் வேலை, வண்டி சும்மா நின்ற நாட்களுக்கு வாடகை, ஆபீஸ் கட்டணம். பதினாலு மாதம் தவணையாய் அனுப்பித் தீர்த்தேன். தம்பி இன்றுவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.