விலை ஏறும் காலத்தில் தர்மம் இறங்கலாமா?



இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "போன மாசம் வாங்குன அதே சாமான்தான், ஆனா பில்லு மட்டும் கூடிப்போச்சு." சூப்பர் மார்க்கெட்டில் கூடையை எடுத்துக்கொண்டு போகிற தாய்மார்கள், எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியிலேயே வைக்கிறார்கள். ஒரு கிலோ பருப்பு வாங்க வந்தவர்கள் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பில் போடும் இடத்தில் தொகையைக் கேட்டதும், "இதை எடுத்துருங்க, அதை எடுத்துருங்க" என்று பின்னால் நிற்பவர்கள் பார்க்கும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மனதில் எழும் கூச்சமும் கோபமும் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வயிற்றுப் பாட்டைப் பேசுவது பக்திக்குப் புறம்பானது என்று சிலர் நினைக்கலாம். அய்யா வழியில் அப்படி இல்லை. வைகுண்டப் பரம்பொருள் இந்த மண்ணில் வந்து பேசியது வரியால் வதைபட்ட மக்களிடம். திருவிதாங்கூர் அரசின் தலைவரியும் பனை வரியும் கூலியில்லா ஊழியமும் ஏழைகளின் முதுகை ஒடித்த காலம் அது. மக்களின் அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அய்யா அவர்களுக்கு ஞானம் சொன்னார். எனவே பலசரக்கு விலையும் பதியில் பேச வேண்டிய விஷயமே.

விலை எங்கிருந்து ஏறுகிறது?

கோபப்படுவதற்கு முன் காரணத்தை அறிய வேண்டும். நமது நாடு உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-ல் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா சில வாரங்கள் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. எங்கோ குண்டு விழுந்தால் இங்கே தாளிக்கும் கரண்டி சுருங்குகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை உயர்த்தியது. எண்ணெய் வித்து பயிரிடும் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வாங்குபவர் கைக்கு அது கூடுதல் சுமையாக வந்தது. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு அந்த வரியில் ஒரு பகுதி குறைக்கப்பட்டது.

தக்காளியைப் பாருங்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு ரேஷன் கடைகள் வழியாக 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. மழை பொய்த்தாலும் விலை ஏறும், மழை மிஞ்சினாலும் விலை ஏறும். அதே தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குக் கூட போகாமல், விவசாயி அதை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற நாட்களும் உண்டு. அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் வருத்தப்பட்டோம்? விலை ஏறும்போது மட்டும் விழிக்கிற மனம் நியாயமான மனமாகாது.

தேங்காய் கதை நம் வீட்டுக் கதை. 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. வெயிலும் வெள்ளை ஈயும் நோயும் காய்ப்பைக் குறைத்ததே அதற்குப் பெரிய காரணம். நான்கு தென்னை வைத்திருப்பவர் காலையில் காய் விற்றபோது மகிழ்ந்தார். மாலையில் எண்ணெய் வாங்கப் போனபோது வருந்தினார். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே தேங்காய். விலை என்பது ஒருவருக்கு வருமானமாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் நிற்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆகவே எல்லா விலையேற்றமும் பாவமல்ல. வானமும் வரியும் போரும் செய்கிற விலையேற்றம் உண்டு. அதற்கு அப்பால், பேராசை செய்கிற விலையேற்றமும் உண்டு. அதைத்தான் நாம் கலி என்கிறோம்.

குறோணியின் பசி

அகிலத்திரட்டு அம்மானை குறோணியின் வரலாற்றைச் சொல்கிறது. அவனுக்குப் பசி எடுத்தது. கடல் நீரைக் குடித்தான், அடங்கவில்லை. கயிலையையே விழுங்கினான், அப்போதும் அடங்கவில்லை. திருமால் தவமிருந்து அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டுகள் யுகந்தோறும் பிறந்து, கடைசியில் கலியனாக வந்தது என்பதை நாம் அறிவோம். கலியன் கைக்குச் சக்கராயுதம் பணமாகிப் போனதையும் அகிலம் சொல்கிறது. அந்நாளைய திருவிதாங்கூர் நாணயத்துக்கும் சக்கரம் என்றே பெயர் இருந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனிதனின் பசி ஒரு தட்டு சோற்றில் அடங்கும். குறோணியின் பசி கயிலையை விழுங்கினாலும் அடங்காது. இந்த இரண்டையும் பிரித்து அறிவதே ஞானம். தட்டுப்பாடு வரும் என்று தெரிந்து சரக்கைக் குடோனில் அடைத்து வைப்பது குறோணியின் பசி. பத்து ரூபாய் பாக்கெட்டின் விலையை மாற்றாமல் உள்ளே இருக்கும் எடையைக் குறைப்பதும் அதே பசிதான். 100 கிராம் இருந்த பிஸ்கட் 80 கிராம் ஆனால், கிலோ 100 ரூபாயாக இருந்தது 125 ரூபாய் ஆகிறது. பாக்கெட்டும் விலையும் பழையபடியே இருப்பதால் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்க்கு அது தெரிவதில்லை.

பேராசை விற்பவரிடம் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணெய் விலை ஏறப் போகிறது என்று யாரோ சொன்னதும் பத்து லிட்டர் வாங்கி அடுக்களையில் அடுக்குகிறோம். எல்லோரும் அப்படி வாங்கினால் அலமாரி காலியாகிறது, விலை இன்னும் ஏறுகிறது. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று கால் லிட்டர் வாங்குகிறவர் வெறுங்கையோடு திரும்புகிறார். அவர் வீட்டு அடுப்பை அணைத்ததில் நமக்கும் பங்கு இல்லையா? ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகையைப் பார்த்து, தேவையில்லாததைத் தூக்கிக்கொண்டு வந்து, கெட்டுப்போன பின் குப்பையில் போடுவதும் கலிமாயையே.

கோபம் யார் மேல்?

பில் போடும் இடத்தில் நிற்கிற பிள்ளையைச் சிலர் ஏசுகிறார்கள். "கொள்ளை அடிக்கிறீங்களா?" என்கிறார்கள். அந்தப் பிள்ளை விலை வைப்பதில்லை. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டு மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் அதுவும் இதே விலைக்குத்தான் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. மேலே இருப்பவரைக் கேட்க முடியாமல் கீழே இருப்பவரை ஏசுவது வீரமாகாது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே அய்யா நமக்குக் காட்டிய தர்மம். நமக்குக் கீழே ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் மேல் கோபத்தை இறக்கினால், நாம் நெற்றியில் இட்ட திருநாமத்துக்கு என்ன பொருள்?

அதற்காக வாயை மூடிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில்லுங்கள் என்று அய்யா சொன்னது அஞ்சிக் குனிந்திருந்த மக்களிடம். அந்த நிமிர்வு கடையிலும் வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. எடையைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், பில்லை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, பற்பசை போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவு நம் பில்லில் வந்திருக்கிறதா என்று மரியாதையோடு கேளுங்கள். அநியாயம் கண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். பணிவோடு கேட்பதும் அஞ்சாமல் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கடை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். நம்மில் சிறு பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கள் பலர். பெரிய கடைகள் வந்த பின் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. லாபம் வைக்காமல் கடை நடத்த முடியாது, அய்யா அதைத் தடுக்கவும் இல்லை. நியாயமான லாபம் உழைப்பின் கூலி. ஆனால் பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலை வரட்டும் என்று ஒளித்து வைக்காதீர்கள். தராசில் கை வைக்காதீர்கள். கடன் சொல்லி வாங்குகிற ஏழைக்குக் கூடுதல் விலை போடாதீர்கள். காலையில் கடை திறக்கும்போது அய்யாவை நினைத்து விளக்கேற்றுகிற கை, தராசு பிடிக்கும்போதும் அதே கைதான்.

துவையல் தவசு காட்டும் வழி

நமக்கு முன் வாழ்ந்தவர்களின் வைராக்கியத்தை நினைக்க வேண்டும். அய்யாவின் கட்டளைப்படி 700 குடும்பத்தார் துவையல் தவசுக்காகக் கடற்கரையில் கூடினார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒருவேளை உண்டார்கள். தினமும் மூன்று வேளை குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒன்றாக அமர்ந்து அய்யாவை நினைத்தார்கள். இருந்ததைப் பகிர்ந்து உண்டதால் ஒருவருக்கொருவர் துணையாக அந்தத் தவசை முடித்தார்கள்.

இன்று நாம் ஒருவேளை உண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் சத்தான உணவு குறையவே கூடாது. குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வண்ணப் பாக்கெட்டில் வருகிற நொறுக்குத் தீனியைக் குறைக்கலாம். ஊரார் மெச்சுவதற்காக இலையில் இருபது வகை வைத்து, பாதியைக் குழியில் கொட்டுகிற கல்யாணச் சாப்பாட்டைக் குறைக்கலாம். வாசலில் ஒரு முருங்கை, கொல்லையில் இரண்டு கத்தரிச் செடி, ஒரு கறிவேப்பிலை வைக்கலாம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாங்கி வெளியில் விற்பதற்குத்தான் கூச்சப்பட வேண்டும்.

நம் வழிபாடே நமக்கு இந்த எளிமையைக் கற்பிக்கிறது. தேங்காய் உடைப்பதில்லை, கற்பூரம் கொளுத்துவதில்லை, காணிக்கை கேட்பதில்லை. ஒரு சுருள் வைக்க முடியாதவரும் வெறுங்கையோடு வந்து அய்யாவை வணங்கலாம். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அய்யாவின் வாசலுக்கு மட்டும் விலை ஏறாது.

தர்மத்தின் பங்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் செலவு ஏறும்போது நாம் முதலில் எதைக் குறைக்கிறோம்? செல்போன் ரீசார்ஜைக் குறைப்பதில்லை. தீபாவளிக்குத் துணி எடுப்பதைக் குறைப்பதில்லை. தாங்கலுக்குக் கொடுக்கும் அரிசியைத்தான் முதலில் குறைக்கிறோம். "இந்த மாசம் முடியாது, அடுத்த மாசம் பார்ப்போம்" என்கிறோம். பல நிழல் தாங்கல்களில் ஞாயிறு உம்பானுக்கு வருகிற பொருள் குறைந்து, வருகிற ஆட்கள் கூடியிருக்கிறார்கள். விலை ஏறும்போது பசித்தவர்கள் பெருகுவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் கையை இறுக்குகிறோம். இதைவிடக் கலிக்கு வேறு என்ன வெற்றி வேண்டும்?

உம்பானுக்கு வரிசையில் நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட முதியவர், வேலைக்குப் போக முடியாத கால் ஊனமுற்றவர், இரண்டு பிள்ளைகளோடு வரும் விதவைத் தாய். அவர்கள் அய்யாவைப் பார்க்க வருகிறார்கள் என்பது உண்மை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை வைக்கவில்லை என்பதும் உண்மை. அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தூக்குவாளியை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "வீட்டுல ஒருத்தருக்கு முடியல, கொஞ்சம் கூடப் போடுங்க" என்பார்கள். அப்போது அண்டாவில் இல்லை என்று சொல்லும்படி நாம் விடலாமா?

பெரிய தொகை தேவையில்லை. நம் பாட்டிமார் செய்த பிடியரிசி வழக்கம் போதும். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுங்கள். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம். ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ ஆகும். 40 வீட்டார் சேர்ந்தால் 60 கிலோ. கிலோவுக்கு எட்டுப் பேர் என்று வைத்தாலும் 480 பேர் உண்ணலாம். அந்த ஒரு பிடி குறைந்ததை வீட்டில் யாருடைய வயிறும் அறியாது. கிடைத்தவரின் வயிறு அறியும், அய்யாவும் அறிவார்.

தாங்கல் பணிவிடைக்காரர்களும் கணக்கை வெளிப்படையாக எழுதிப் போட வேண்டும். திருநாளில் மின் விளக்குக்கும் வாண வேடிக்கைக்கும் போகிற செலவில் ஒரு பங்கை அன்னதர்மத்துக்குத் திருப்ப வேண்டும். ஒலிபெருக்கி ஒன்று குறைந்தால் அய்யா கோபிக்க மாட்டார். பசித்து வந்தவர் பசியோடு திரும்பினால் அய்யாவின் மனம் நோகும்.

அன்பர்களே! விலை ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. கடைக்குள் போகும்போது என்ன மனதோடு போகிறோம், வெளியே வரும்போது யாரை நினைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. தேவைக்கு வாங்குங்கள், பதுக்காதீர்கள். உரிமையைக் கேளுங்கள், எளியவரை ஏசாதீர்கள். கணக்குப் பார்த்துச் செலவிடுங்கள், தர்மத்தைக் கணக்கில் கடைசியாக எழுதாதீர்கள். பில் எவ்வளவு நீண்டாலும் அதில் ஒரு பிடி பசித்தவருக்கு என்று இருக்கட்டும்.

கலி அழியும், தர்மம் தழைக்கும், தர்மயுகம் பிறக்கும் என்பது அய்யா நமக்குத் தந்த உறுதி. அந்த யுகத்துக்கான விதை அரிசி நம் வீட்டுப் பிடியரிசிப் பானையில் இருக்கிறது.

அய்யா உண்டு!