லேட்டாகுதுன்னு யார் சொல்றது?

ஆபீஸ் வேலையாக நாலு பேர் வெளியூர் போனால், அதில் ஒருவர் மேனேஜராக இருப்பார். ரயில் தவறினால் அவர் தலைதான் உருளும். ஆனால், நண்பர்கள் ஆறு பேர் ஜாலியாகக் கிளம்பினால்? அங்கே மேனேஜர் கிடையாது. ஏதாவது ஏடாகூடமாக ஆனால், பொறுப்பு யாருடையது?

கனடாவின் வடக்கே, 1955-ல் நடந்த ஒரு பயணம் இந்தக் கேள்வியைப் பளிச்சென்று நம் முன்னால் வைக்கிறது.

ஆர்தர் மொஃபாட் என்ற அமெரிக்கர், அந்தக் கோடையில் ஐந்து இளைஞர்களோடு டுபான்ட் ஆற்றில் இறங்கினார். மூன்று கனூக்கள். கனூ என்பது இரண்டு பேர் துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லியான படகு. ஆறு ஓட்ட முடியாத அளவுக்குச் சீறும் இடங்களில் படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். 1893-ல் டிரெல் என்ற நில ஆய்வாளர் போன வழி அது. மொஃபாட்டுக்கு வயது 36. பல வருடம் துடுப்புப் போட்ட கை. வீட்டில் மனைவி, இரண்டு மகள்கள். மற்ற ஐவரும் இருபதை ஒட்டிய வயசுப் பையன்கள்.

அது மரமே முளைக்காத பிரதேசம். கோடை என்பதே சில வாரங்கள்தான். அதற்குள் பேக்கர் லேக் என்ற குடியிருப்பைப் பிடித்தாக வேண்டும். ஆனால், மொஃபாட் அவசரப்படவில்லை. சினிமா கேமரா கொண்டு போயிருந்தார். படம் எடுத்தார். கேரிபூ மான் கூட்டங்களைப் பார்த்தார்கள். பல நாட்கள் கூடாரத்தைக் கழற்றவே இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பயணம் மட்டும் வேகம் பிடிக்கவில்லை.

செப்டம்பர் வந்தது. பனி வந்தது. சாப்பாட்டு மூட்டைகள் இளைத்தன. இப்போதுதான் அவசரம் பிறந்தது. செப்டம்பர் 14 அன்று ஆறு பாறைகளில் மோதிச் சீறும் ஓரிடத்தில், கரையிறங்கி நோட்டம் பார்க்காமலேயே படகை விட்டார்கள். இரண்டு கனூக்கள் கவிழ்ந்தன. மூன்றாவது கனூவில் இருந்தவர்கள் எல்லோரையும் கரை சேர்த்தார்கள். ஆனாலும் உடம்பின் சூடு இறங்கிப்போய் மொஃபாட் இறந்தார்.

ஐஸ் தண்ணீர் எப்படிக் கொல்லும் என்பதற்கு இன்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு நிலைகொள்ளாது. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். இது தண்ணீரின் கணக்கு. ஆனால், மொஃபாட்டின் கணக்கு அந்தப் பதினோரு நிமிடத்தில் ஆரம்பிக்கவில்லை. ஜூலையில், ஆகஸ்ட்டில், 'இன்னும் ஒருநாள் இருந்துட்டுப் போலாமே' என்ற ஒவ்வொரு காலையிலும் அது ஏறிக்கொண்டே வந்தது.

"ஏன் சார், அந்த அழகைப் பார்க்கத்தானே போனாங்க? கடிகாரம் பார்த்து ஓடறதுக்கு ஊரிலேயே இருந்திருக்கலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நின்று பார்க்காதவனுக்கு ஆர்க்டிக் எதற்கு? தாமதித்தது பாவமில்லை. அந்தத் தாமதத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது என்று ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வராததுதான் கோளாறு.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஞாபகமிருக்கும். அதன்படி, கம்பெனியின் காரியங்களுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் கூட்டாகவும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. 'நான் சும்மாதான் இருந்தேன்' என்று கடன்காரனிடம் தப்பிக்க முடியாது. நட்பும் அப்படித்தான். சந்தோஷத்தில் பங்கு வாங்கிய அன்றே நஷ்டத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று.

அதனால் நம்மில் பலர் செய்யும் ஒரு தந்திரம் செல்லாது. கூடாரத்துக்குள் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் புலம்புவது. மறுநாள் காலையில் தலைவர் முன்னால் 'நமக்கெதுக்கு வம்பு' என்று டீயை உறிஞ்சுவது. இதற்கு நாம் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். அனுபவஸ்தர், பெரியவர், மனசு நோகும்! நோகட்டுமே. நொந்த மனசு இரண்டு நாளில் ஆறிவிடும்.

தலைவருக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. கடைக்குட்டிப் பையன் 'அண்ணே, லேட்டாகுது' என்று பயமில்லாமல் சொல்ல இடம் கொடுக்காதவர், தன் அனுபவத்தாலேயே ஆபத்தானவர்.

உயிர் தப்பிய ஐவரில் இருவர் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார்கள். ஜார்ஜ் கிரின்னெல் எழுதியது 1996-ல் வந்தது. ஸ்கிப் பெஸ்ஸலுடையது 2014-ல். நடந்து ஐம்பத்தொன்பது வருடம் கழித்தும் அந்த ஆறு அவர்களை விடவில்லை.

இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் சாட்டிலைட் கருவி கொண்டு போகிறார்கள். பட்டனை அழுத்தினால் உதவி கேட்கலாம். வானிலை விட்டால் விமானம் வரும். நல்ல கருவிதான். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் 'போதும்ப்பா, கிளம்பலாம்' என்று சொல்ல அதில் பட்டன் இல்லை.

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜூலையிலேயே.