எழுந்து வரத் தெரிய வேண்டும்
போக்கரில் கைக்கு இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. அப்படி வந்தும், இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை தோற்க நேரும். ஆகவே, நன்றாக ஆடுபவருக்கும் தொடர் தோல்வி வரும்.

ஆபத்து அதற்குப் பின் வரும் ஆவேசத்தில் இருக்கிறது: ‘விட்டதைப் பிடித்தே தீருவேன்!’ இதை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். பின்பால் இயந்திரத்தின் சொல் அது. பிடித்து உலுக்கினால் இயந்திரம் தானே ஆட்டத்தை நிறுத்திவிடும். மனிதனுக்கு அந்த விசை இல்லை. அவனேதான் எழ வேண்டும்.

சீட்டுக்கு நினைவில்லை, உங்கள் இழப்பை ஈடுகட்டும் கடமையும் அதற்கில்லை. சில நாள் விலகியிருங்கள். மேசை எங்கும் போய்விடாது. நிதானமும் வீட்டுப் பணமும் போனால் திரும்புவது அரிது. விலக முடியவில்லையா? அதுவே எச்சரிக்கை. தயங்காமல் உதவி கேளுங்கள்.