பிணைப்பும் தளையும்

உயிரணுக்களை இணைக்கும் புரதங்களுள் ஒன்றான, சப்பானிய அறிஞர் மசாத்தோஷி தக்கேச்சி பெயரிட்ட கேடரின், ஓரணுவின் மேற்சவ்விலிருந்து நீண்டு, அண்டை அணுவின் தன்னினப் புரதத்தைக் கல்சியத்தின் துணையோடு பற்றுகிறது; கல்சியம் நீங்கின் பிடி தளர்ந்து அணுக்கள் பிரியும். பாசத்தை, அதாவது ஆன்மாவைக் கட்டும் தளையை, அறுப்பதே வீடுபேறு எனக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பு உன்னிச்சைப் பகுதிச் சைவர்க்கு இப்புரதத்தின் பிடி ஒரு வினாவை எழுப்பும்: உடலை உடலாக்கும் இப்பிணைப்பும் அறுபடவேண்டிய தளைதானா? சைவ சித்தாந்தம் அப்பாசத்தின் மூலமான ஆணவத்தை இருளாகவும், உடலைத் தரும் மாயையை அவ்விருளில் விடியுமட்டும் உதவும் விளக்காகவும் கொள்வதால், அன்று என்பதே விடை. மேற்படல அணுக்களில் இப்பிடி குலையும்போது புற்றுநோய் பரவ வழி பிறப்பதும் எண்ணத்தக்கது. அறிவியல் பட்டதாரியும் துறவியுமான விபுலாநந்தர் (1892–1947) வாழ்ந்த மட்டக்களப்பு மண்ணில், உயிரியலும் சித்தாந்தமும் ஒருங்கே கற்பிக்கப்படல் வேண்டும்.