கைப்பக்குவம்

கொறஞ்ச காசில் நல்லாச் சாப்பிடுவதைப் பெரிய குணம் என்கிறார்கள். எங்கம்மா சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு அரைக்கிலோ மாட்டுக்கறி எடுப்பாள். பாதி கொழம்பு. மீதியை உப்பு, மஞ்சள் தடவிக் கொடியில் காயப்போட்டால் உப்புக்கண்டம், வாரம் தாங்கும். நடுவில் வரப்புப் பண்ணைக்கீரை, வயல் நத்தை. ருசியாத்தான் தின்னோம். (சத்துணவுப் பாடம் எடுக்க வந்தவர்கள் பட்டியலில் இதெல்லாம் கிடையாது. அது வேற சங்கதி.)

2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். கறிக்கும் காய்க்கும் இன்னமும் காசு வேணும். சிக்கனம் குணமாகணும்னா, செலவழிக்க முதலில் கையில் ஏதாவது இருக்கணுமே?

அவள் கைப்பக்குவத்தை நானே மேடையில் புகழ்ந்திருக்கிறேன். இப்போ கூசுது. ஆண்டை கூலியைக் குறைத்தபோதெல்லாம், அந்தக் குறை எங்க தட்டுக்கு வராமல் மறைத்தது அந்தக் கைதான். போன வாரம் கேட்டேன்: “அன்னிக்கு ஒனக்கு எத்தன துண்டும்மா வரும்?”

“சாறு இருக்கும்ல” என்றாள்.