காண்பதற்கு மட்டுமா மலை?

மலையை நோக்கிச் செல்லும் மனிதன் எதைத் தேடிச் செல்கிறான்? மோசே சீனாய் மலைமீது ஏறி இறைக் கட்டளைகளைப் பெற்றார். நம் ஆண்டவர் இயேசு தனித்திருந்து வேண்டுவதற்காக மலைக்குச் சென்றார். நாமோ பெரும்பாலும் ஓய்வுக்காகச் செல்கிறோம். ஆரணியில் வாழும் நமக்கு அருகிலுள்ள மலை ஜவ்வாது மலை. போளூரைக் கடந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறோம். பீமன் அருவியைக் காண்கிறோம். காவலூரில் 1986-இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு வியக்கிறோம். வழியெங்கும் ஒற்றையடிப் பாதைகள், சரிவுகளில் சாமைக் கொல்லைகள், அவற்றுக்கு அப்பால் காடு. "எவ்வளவு அழகு!" என்கிறோம். இந்த வியப்பில் குற்றமொன்றும் இல்லை; படைப்பைக் கண்டு மகிழ்வதும் ஒருவகை வேண்டுதலே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது: இந்த அழகுக்காக நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்?

அருவியை இறைவன் தந்தார். ஆனால் சாமைக் கொல்லை தானாக விளைந்ததன்று. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கல்லைப் பொறுக்கி, சரிவை உழுது, மழையை மட்டுமே நம்பி விதைத்த நிலம் அது. சாமை மிகச் சிறிய மணி. அதன் உமியோ கடினமானது. அதை உரலிலிட்டுக் குத்தி அரிசியாக்குவது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தோள்களில் விழுந்த வேலை. நாம் உலாவி மகிழும் ஒற்றையடிப் பாதையும் அவ்வாறே. விறகும் புளியும் பலாவும் சுமந்து நடந்த கால்கள் இட்ட தடம் அது. நமக்கு அது பொழுதுபோக்கு. அவர்களுக்கு அது சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழி.

இயற்கையைக் காப்பது பற்றி உலகில் இருவேறு எண்ணங்கள் உண்டு. 1872-இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டனர். மனிதன் இல்லாத நிலமே தூய நிலம் என்பது அந்த எண்ணம். 1951-இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத் தேசியப் பூங்காவோ உழவரையும் அவர்தம் வயல்களையும் ஆட்டு மந்தைகளையும் தன்னுள்ளேயே கொண்டது. ஜவ்வாது மலை தேசியப் பூங்கா அன்று. காப்புக்காடுகளும் ஊர்களும் கலந்து கிடக்கும் மலை அது. அங்குள்ளோர் போன்ற மக்களின் உரிமையை நம் நாடு சட்டமாக ஏற்க 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விவிலியமோ தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டது. தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே மனிதன் அதில் வைக்கப்பட்டான் என்கிறது தொடக்க நூல். உழுவதும் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே அழைப்பின் இரு பக்கங்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதனையே நமக்கு நினைவூட்டினார்.

நம் கடன் இதோடு முடிவதில்லை. கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறந்து, படவேட்டைக் கடந்து, நம் ஊருக்கு வருகிறது. ஆற்றை அணியாகக் கொண்டதாலேயே இவ்வூர் ஆரணி எனப் பெயர் பெற்றது என்று பெரியோர் சொல்வர். பட்டு நூலை வேகவைத்துப் பசை நீக்கவும், சாயமேற்றி அலசவும் நீர் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறாயினும், நம் கிணறுகளில் ஊறுவது மலையில் பெய்த மழையன்றோ? அங்குக் காடு அழிந்தால் இங்குச் சாயத்தொட்டி வறளும்.

இதை உணர்வதற்கு ஆரணி மக்களைவிடத் தகுதியானவர் யார்? நம் தறியில் நெய்த புடவையை மணமேடையில் எல்லாரும் புகழ்கின்றனர். பாவின் ஒவ்வோர் இழையையும் கண் வலிக்கப் பிணைத்தவரை, குழித்தறியில் கால் மரத்துப்போக அமர்ந்தவரை எவரும் நினைப்பதில்லை. பொருள் போற்றப்பட்டு, கை மறக்கப்படும் வேதனை நமக்குப் புதிதன்று. அவ்வேதனையை அறிந்த நாமே மலையேறும்போது, வயலைப் போற்றி உழவரை மறப்பது தகுமா?

மறப்பதன் விலை சிறிதன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறிக் காவல் துறையினர் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். நாம் ஓய்வு தேடி ஏறும் மலையிலிருந்து, அங்குப் பிறந்தவர்கள் கூலி தேடி இறங்குகிறார்கள். சொந்த மண்ணின் விளைச்சல் வீட்டைக் காக்குமானால், அயல் காட்டின் ஆபத்தை எவர்தாம் விரும்பி ஏற்பர்?

"நாமே கூலிக்கு நெய்பவர்கள், நம்மால் என்ன செய்ய இயலும்?" எனச் சிலர் கேட்கலாம். பெருஞ்செயல் எதுவும் வேண்டுவதில்லை. வழியோரத்தில் தேனும் சாமையும் விற்கும் தாயிடம் பேரம் பேசாமல், உழைப்புக்குரிய விலையைக் கொடுப்போம். நெகிழிக் குப்பையை அவர்தம் ஓடையில் எறியாதிருப்போம். கொல்லையை மிதித்து நின்று படம் எடுக்குமுன் அதற்குரியவரிடம் ஒரு சொல் கேட்போம். அம்மக்கள் நிலப் பட்டாவுக்காகவும் பள்ளிக்காகவும் குரல் எழுப்பும்போது, கீழே இருக்கும் நாமும் உடன் நிற்போம்.

நிலம் தம்முடையது என்றும், மனிதர் அதில் தம்மோடு தங்கியிருக்கும் அந்நியரும் விருந்தினருமே என்றும் லேவியர் நூலில் இறைவன் உரைக்கிறார். அவ்வாறாயின் மலையில் மட்டுமன்று, நம் சொந்த வீட்டிலும் நாம் விருந்தினரே. நல்ல விருந்தினர் உணவின் சுவையைப் புகழ்வதோடு நின்றுவிடுவதில்லை. சமைத்த கையையும் தேடிச் சென்று நன்றி சொல்வர்.